டப்ளின் மோலி அருங்காட்சியகம்: இலக்கியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியுமா?

தூறல்

அயர்லாந்துக்குக் குடிவந்தும் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த மோலிக்கு ஒருவழியாகப் போய்வந்தேன். அயர்லாந்து இலக்கிய அருங்காட்சியகத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான் மோலி. ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலில் வரும் மோலி புளூமுக்கும் அதில் ஒரு சலாம் உண்டு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும் தேசிய நூலகமும் சேர்ந்து 2019 செப்டம்பரில் திறந்த இடம். செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் தென்பக்கத்தில், 85, 86 எண்ணுள்ள பழைய வீடுகள் இரண்டும் சேர்ந்ததுதான் கட்டடம். நியூமன் ஹவுஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரிகிறது.

நுழைந்ததும் குரல்கள். அயர்லாந்து எழுத்தாளர்களின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காதில் விழுகின்றன, சில ஐரிஷ் மொழியில், சில ஆங்கிலத்தில். அப்புறம் ஜாய்ஸ் காலத்து டப்ளினுக்கு ஒரு மாதிரி நகரம். எந்தக் கதாபாத்திரம் எந்தத் தெருவில் நடந்தது என்று அதைச் சுற்றி நின்று பார்க்கலாம். கடைசியில், ஒரு பெட்டிக்குள் தனியாக, யுலிசிஸ் முதல் பதிப்பின் முதல் எண் பிரதி. 1922 பிப்ரவரி 2ஆம் தேதி, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளன்று, பாரிஸில் சில்வியா பீச் வெளியிட்ட ஆயிரம் பிரதிகளில் ஒன்றாம் எண் இட்டது. தன்னைப் பல வருடம் காசு கொடுத்துத் தாங்கிய ஹேரியட் ஷா வீவருக்கு ஜாய்ஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவர் பிறகு அதை அயர்லாந்து தேசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

என் சங்கடம் இதுதான். ஒரு நாட்டின் இலக்கியத்துக்கே கட்டிய வீட்டில் நான் கையில் எடுத்துப் புரட்டிய புத்தகம் என்று கடையில்தான் ஏதோ இருந்தது. மீதி எல்லாம் ஒலி, ஒளி, சுவரில் எழுத்து. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வாசகருக்கு இதனால் என்ன? போனவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்

அம்மா தூறல், பழைய டப்ளின் எழுத்தாளர் அருங்காட்சியகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. பார்னெல் சதுக்கத்தில் 18ஆம் எண் வீடு. 1991இல் திறந்தார்கள். பெருந்தொற்றில் மூடியவர்கள், இனித் திறப்பதில்லை என்று 2022இல் அறிவித்தே விட்டார்கள். அதைக் காலத்துக்கு ஒவ்வாதது, தூசி படிந்தது என்றெல்லாம் ஏளனம் செய்தார்கள். இருக்கட்டுமே. அங்கே நாடகாசிரியர் பெக்கெட்டின் தொலைபேசி இருந்தது. பிரெண்டன் பீஹனின் தட்டச்சு இயந்திரம் இருந்தது. ஒரு மதுக்கடை ஜன்னலை உடைத்துக்கொண்டு அது வெளியே பறந்த கதையை டப்ளின்காரர் எவரும் சொல்வார். பெக்கெட் மாதிரி பேசவே விரும்பாத ஒரு மனிதர் எந்தக் கருவியில் ஹலோ சொன்னார் என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இப்போது எல்லாம் திரை. திரையை நான் வீட்டிலேயே பார்த்துக்கொள்வேன்.

கயல்

டப்ளினில் முதுகலை இலக்கியம் படித்தபோது மோலிக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தூறல், நீங்கள் பெட்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள், வீட்டைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. அங்கே காட்சிப்பொருளே அந்த வீடுதான். 1854இல் கார்டினல் நியூமன் (அப்போது இன்னும் கார்டினல் ஆகவில்லை) கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கிய இடம். புராட்டஸ்டன்ட்காரர்களின் டிரினிட்டி கல்லூரிக்கு எதிராகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு வேண்டும் என்று தொடங்கியது. பிறகு இயேசு சபைப் பாதிரிமார் கைக்கு வந்தது. 1898 முதல் 1902 வரை ஜாய்ஸ் படித்தது இங்கேதான். 1900இல், இன்னும் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன், நாடகத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்துப் பேராசிரியர்களை எரிச்சலூட்டிய அந்த இயற்பியல் அரங்கு இன்னும் இருக்கிறது. பின்னால் தோட்டத்தில் ஓர் ஆஷ் மரம் நிற்கிறது. அதன் அடியில்தான் 1902இல் பட்டமளிப்புப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

ஜாய்ஸுக்கு முன்பே அந்த வீட்டில் இன்னொரு ஆள் வாடியிருக்கிறார். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். ஆங்கிலேயர், இயேசு சபைப் பாதிரியார், 1884இல் கிரேக்கப் பேராசிரியராக வந்தவர். தேர்வுத்தாள் திருத்தித் திருத்தியே நொந்துபோனவர். அந்த இருட்டுக் காலத்துச் சானெட்டுகளை (பதினாலு வரிக் கவிதைகள்) டப்ளினில்தான் எழுதினார். 1889இல் டைஃபாய்டில் போய்ச் சேர்ந்தபோது வயது 44. கவிதைகள் புத்தகமாக வந்தது 1918இல். உயிரோடு இருந்தவரை அவரைக் கவிஞராக அறிந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். அந்த வீட்டில் அவர் இருந்த அறையை நினைத்துக்கொண்டு மாடி ஏறிப் பாருங்கள்.

இன்னொன்று, கூரையைக் கவனித்தீர்களா? 85ஆம் எண் வீடு 1738இல் கட்டியது. லாஃப்ராங்கினி என்ற சுவிஸ் சகோதரர்கள் செய்த சுதை வேலை அதில் இருக்கிறது. மாடிக் கூடத்துச் சுதைப் பெண்கள் சிலர் உடையில்லாமல் இருந்ததைப் பாதிரிமார் காலத்தில் பொறுக்க முடியவில்லை. மேலே சுதையாலேயே ஆடை பூசி மூடிவிட்டார்கள். பின்னாளில் புதுப்பித்தபோது மற்றவர்களின் ஆடையைக் கழற்றிவிட்டு, ரோமானிய தேவதை ஜூனோவுக்கு மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். அயர்லாந்துத் தணிக்கை வரலாற்றுக்கு இதைவிட நல்ல காட்சிப்பொருள் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

ஊர்சுற்றி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜூனில் குடும்பத்தோடு டப்ளின் வருகிறோம், கையில் ஒரே ஒரு நாள். இரண்டு வாண்டுகள் உண்டு. யுலிசிஸ் நான் படித்ததில்லை, படிப்பதாகவும் உத்தேசம் இல்லை. மனைவிதான் இலக்கியக்காரி. மோலியா, கடலோரத்தில் ஜாய்ஸ் கோபுரம் என்கிறார்களே அதுவா?

தூறல்

குழந்தைகள் இருந்தால் கோபுரம், யோசிக்கவே வேண்டாம். டப்ளின் நடுவிலிருந்து டார்ட் ரயிலில் ஏறி, சாண்டிகோவ் நிலையத்தில் இறங்கி நடந்தால் கடல். நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று பயந்து 1804இல் கரையோரமாகக் கட்டிய மார்ட்டெல்லோ கோபுரங்களில் ஒன்று. நெப்போலியன் வரவில்லை. நூறு வருடம் கழித்து ஜாய்ஸ் வந்தார். 1904 செப்டம்பரில், வாடகைக்கு எடுத்திருந்த நண்பர் ஒலிவர் கோகர்ட்டியோடு ஆறே இரவுகள் தங்கினார்.

ஆறாவது இரவு நடந்தது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கூடத் தங்கியிருந்த டிரென்ச் என்பவர் கனவில் கருஞ்சிறுத்தையைப் பார்த்து அலறி, துப்பாக்கியை எடுத்துச் சுட்டிருக்கிறார். கோகர்ட்டி துப்பாக்கியை வாங்கி, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற மாதிரி, ஜாய்ஸின் தலைக்கு மேலே இருந்த பாத்திரங்களைச் சுட்டுத் தள்ளினார். ஜாய்ஸ் ஒன்றும் பேசாமல் எழுந்து உடுத்திக்கொண்டு இருட்டிலேயே நகரத்துக்குக் கிளம்பிவிட்டார், திரும்பவே இல்லை. பழிவாங்கியது பதினெட்டு வருடம் கழித்து. யுலிசிஸ் தொடங்குவதே அந்தக் கோபுரத்தின் உச்சியில்தான், கோகர்ட்டியை பக் மல்லிகன் என்ற கதாபாத்திரமாக்கி நிறுத்திவைத்து.

1962 ஜூன் 16இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தவர் அதே சில்வியா பீச். இப்போது உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், கட்டணம் கிடையாது. ஆள் இருந்தால்தான் திறக்க முடியும் என்பதால் கிளம்புமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸின் கிதார், வேட்டைக்குப் போடுகிற கையில்லாச் சட்டை ஒன்று, இறந்தபின் முகத்தில் அச்செடுத்த முகமூடி எல்லாம் உண்டு. சுழல்படி மட்டும் ரொம்பக் குறுகல், குண்டான பையோடு ஏற முடியாது.

பழுப்புத்தாள்

முகமூடி என்றதும் ஞாபகம் வந்தது. எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறீர்களே, இந்த நாடு அந்த மனிதரை நடத்திய விதத்தையும் கொஞ்சம் பேசுவோமா?

1941 ஜனவரியில் சூரிக்கில் செத்தார். மனைவி நோரா உடலை அயர்லாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அரசு கைகொடுக்கவில்லை. அவர் அந்த வருத்தத்தை மறக்கவில்லை. ஜாய்ஸின் கடைசி நாவலான ஃபினகன்ஸ் வேக்கின் கையெழுத்துப்படிகள் வீவரிடம் இருந்தன. அவருக்கோ அவற்றை டப்ளின் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க ஆசை. நோரா கூடவே கூடாது என்று நின்றார். அவை லண்டனுக்குப் போயின, இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆக, தூறல் கண்ணாடிக்குள் பார்த்த முதல் பிரதி, வீவர் கொடுத்ததில் டப்ளினுக்கு மிஞ்சியது.

2019இல், மோலி திறந்த அதே வருடம், டப்ளின் மாநகராட்சி உறுப்பினர்கள் சிலர் ஜாய்ஸின் எலும்பைத் தோண்டி எடுத்துவரத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், 2022இல் வரும் யுலிசிஸ் நூற்றாண்டுக்குள். சோறு போடாதவன் திவசத்துக்கு ஊரைக் கூட்டுகிற கதை. நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை.

ஒயில்டு பாரிஸில் செத்தார். பெக்கெட் பாரிஸில். ஷா இங்கிலாந்தில். ஓ’கேசி இங்கிலாந்தில். விரட்டிவிட்டு அருங்காட்சியகம் கட்டுவது ஒரு தொழில்.

கயல்

ஐயா, விரட்டினார்கள் என்பது பாதி உண்மை. ஜாய்ஸ் 1904இல் போனபோது அயர்லாந்துக்கென்று அரசே கிடையாது, பிரிட்டிஷ் ஆட்சி. ஒயில்டைச் சிறையில் தள்ளியது லண்டன். யுலிசிஸைத் தடைசெய்தது அமெரிக்காவும் பிரிட்டனும். அயர்லாந்தில் அதற்கு அதிகாரபூர்வத் தடை ஒருபோதும் இல்லை (கடைகளில் கிடைக்கவும் இல்லை என்பது வேறு விஷயம்).

தப்பு இல்லாமல் இல்லை. 1929 தணிக்கைச் சட்டத்துக்குப் பிறகு சொந்த எழுத்தாளர்களையே வேட்டையாடினார்கள். கேட் ஓப்ரையனின் ஒரு நாவலை ஒரே ஒரு வாக்கியத்துக்காக 1941இல் தடைசெய்தார்கள். எட்னா ஓப்ரையனின் முதல் நாவலை 1960இல். ஜான் மக்கஹர்னுக்கு 1965இல் புத்தகமும் போனது, ஆசிரியர் வேலையும் போனது. ஆனால் மோலி இதை மறைக்கவில்லை. திறந்தபோது வைத்த முதல் தனிக் கண்காட்சிகளில் ஒன்று கேட் ஓப்ரையனுக்குத்தான்.

அப்புறம், இன்றைய அயர்லாந்து எழுத்தாளர்களுக்குச் செய்வதையும் கணக்கில் எடுங்கள். 1969 முதல் படைப்பு வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. இப்போது அதற்கு ஆண்டுக்கு 50,000 யூரோ உச்சவரம்பு. 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ என்று அடிப்படை வருமானத் திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். செத்த எழுத்தாளனுக்கு மாலை போடும் அரசுகள் நிறைய உண்டு ஐயா. இருக்கிறவனுக்கு வாடகைப் பணம் தரும் அரசு எத்தனை?

எலும்பு விஷயம் வேண்டுமானால் கவிஞர் யேட்ஸைப் பேசுங்கள். 1939இல் பிரான்ஸில் இறந்தார், போருக்குப் பின் 1948இல் கடற்படைக் கப்பலில் கொண்டுவந்து ஸ்லைகோ பக்கம் டிரம்கிளிஃபில் புதைத்தார்கள். அது அவர் எலும்புதானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

பழுப்புத்தாள்

வாரம் 325ஐ ஒப்புக்கொள்கிறேன். யேட்ஸ் எலும்புக்குச் சிரித்துவிட்டேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

பனையோலை

நான் பெல்ஃபாஸ்டில் இருக்கிறவன். எல்லாரும் டப்ளினையே கதைக்கிறீர்கள், வடக்கேயும் ஓர் இடம் இருக்கு. டெரி மாவட்டத்தில் பெலாஹி என்று ஒரு சின்ன ஊர். அங்கே கவிஞர் ஷேமஸ் ஹீனிக்கு ஹோம்பிளேஸ் என்று ஒரு இடம், 2016இல் திறந்தது. ஹீனி பிறந்து வளர்ந்த இரண்டு வீடுகளுக்கு இடையிலே அந்த ஊர் கிடக்கு. எனக்கு மோலியைவிட இது ஒரு படி மேலே.

ஏன் என்று சொல்றேன். அது நிற்கிற நிலம் முந்தி காவல் படை முகாம். வடக்கு அயர்லாந்துக் கலவர காலம் முழுக்க மதிலும் முள்ளுக்கம்பியுமாக இருந்த இடம். அதை இடித்துப்போட்டு ஒரு கவிஞருக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெருசுகளுக்கு இரண்டு காலமும் ஞாபகம் இருக்கு. இந்த மாதிரி முகாம்களைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு அந்த வாசலில் கொஞ்ச நேரம் காலே நகராது, அதற்கு மேலே விளக்கம் வேண்டாம்.

உள்ளே காதுக்குள் ஹீனி தன் குரலில் வாசிக்கிறார். தகப்பன் தோட்டத்தில் கிழங்கு கிண்டின கவிதையை அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறது வேற. தூறல் கேட்ட ‘வாசகருக்கு என்ன’ என்பதற்கு என்னட்டை இருக்கிற பதில் இதுதான்: புத்தகத்தில் இல்லாத ஒன்று அங்கே இருக்கு, அவர் குரல். நடந்துபோகிற தூரத்தில் மாதாகோயில் வளவில் அடக்கம் செய்திருக்கிறார்கள், 2013இல். நோபல் வாங்கின மனிதர் என்று கல்லறையைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

தூறல்

பனையோலை அண்ணா, குரலைப் பற்றிச் சொன்னது உறைத்தது. ஹீனி தன் எழுத்துப்படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்த விதமும் நினைவு வருகிறது. 2011இல் அவரே பெட்டி பெட்டியாகக் கட்டி, காரில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விற்றிருந்தால் பெரிய தொகை கிடைத்திருக்கும்.

மணல்வீடு

ஜாய்ஸ், ஹீனி, பெக்கெட், யேட்ஸ், ஷா. பெண்கள் எங்கே? அயர்லாந்து எழுத்தாளர்கள் என்று பன்னிரண்டு முகம் போட்ட ஒரு சுவரொட்டி ஊரெல்லாம் மதுக்கடைச் சுவரில் தொங்கும். பன்னிரண்டும் ஆண்கள். கயல் சொன்ன கேட் ஓப்ரையன் கண்காட்சி நல்ல விஷயம். ஆனால் நிரந்தரமாக வீற்றிருப்பவர் யார் என்று பார்த்தால் கட்டடமே ஜாய்ஸுக்குத்தான்.

நான் போகச் சொல்வது அருங்காட்சியகமே இல்லாத ஓர் இடம். கால்வேயில் கோர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கூல் பார்க். லேடி கிரெகரியின் பண்ணை. அவர் இல்லாவிட்டால் ஆபி நாடக அரங்கம் இல்லை, யேட்ஸுக்கு மூன்றுவேளை சாப்பாடும் இல்லை. அந்த வீட்டை 1941இல் இடித்து விற்றுவிட்டார்கள், அஸ்திவாரம்தான் மிச்சம். ஆனால் தோட்டத்தில் ஒரு செம்பு நிற பீச் மரம் நிற்கிறது. வந்த விருந்தாளிகளிடம் கத்தியைக் கொடுத்துப் பெயர் செதுக்கச் சொல்வாராம். யேட்ஸ், நாடகாசிரியர் ஜே. எம். சிங், ஓ’கேசி எல்லாரும் செதுக்கியிருக்கிறார்கள். ஷா தன் முதலெழுத்துகளைத் தன் அளவுக்கே பெரிதாகப் போட்டுவைத்திருக்கிறார். மரம் வளர வளர எழுத்தும் அகன்றுபோய், இப்போது சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள்.

ஐரிஷ் மொழி வேண்டுமானால் கெர்ரி கடலோரம் பிளாஸ்கெட் மையம். எதிரே தெரிகிற அந்தத் தீவின் மீனவர்களும் பெண்களும் எழுதியது ஒரு முழு இலக்கியமாக நிற்கிறது. அந்தத் தீவில் வாழ்ந்த பெய்க் சேயர்ஸ் என்ற பெண் வாயால் சொல்லி எழுதவைத்த சுயசரிதையை அயர்லாந்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் திட்டிக்கொண்டே படித்தார்கள். 1953இல் கடைசியாக இருந்த சிலரையும் அரசு தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தது. கூரையில்லாத வீடுகள் அங்கே நிற்கின்றன.

கிணற்றடி

சென்னை அடையாறில் இருக்கிறேன், டப்ளின் பார்த்ததில்லை. கோபுரக் கதை வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். கோகர்ட்டியிடம் போவதற்குச் சில நாள் முன்பு, அதே 1904 செப்டம்பரில், தங்க இடமில்லாத ஜாய்ஸுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த வீடு ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதியின் வீடு. இருவரும் சைவ உணவுக்காரர்கள், ஜாய்ஸுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் கசின்ஸ் கவிஞர், யேட்ஸ் கூட்டத்து நாடக இயக்கத்தில் இருந்தவர். 1912இல் ஜாய்ஸ் எழுதிய நையாண்டிப் பாட்டில் அவரும் ஓர் இடி வாங்குகிறார்.

1915இல் இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அவர் அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் வேலை செய்தார். மார்கரெட் 1917இல் இங்கே அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மதனப்பள்ளியில் 1919இல் தாகூரின் ‘ஜன கண மன’வுக்கு இசைக்குறிப்பு எழுதியவரும் அவரே. இருவரும் அயர்லாந்தில் வாழத் திரும்பவில்லை, இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள். பழுப்புத்தாள் ஐயாவின் ‘வெளியே போய்ச் செத்தவர்கள்’ பட்டியலில் இவர்களையும் எழுதிக்கொள்ளலாம்.

பழுப்புத்தாள்

எழுதிக்கொண்டேன். இவர்களை யாரும் விரட்டவில்லை, தானாக வந்தார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

ஊர்சுற்றி

சண்டையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டில் வாசித்துக் காட்டினேன். முடிவு: காலையில் மோலி, மதியத்துக்கு மேல் கோபுரம். ஜூன் 16 வாக்கில்தான் இருப்போம். அன்றைக்கு ஏதோ திருவிழாவாமே, கூட்டம் இருக்குமா? கோபுரத்துக்குப் பக்கத்தில் குளிக்கலாம் என்று படித்தேன், பிள்ளைகள் இறங்கலாமா?

தூறல்

ஜூன் 16 என்றால் புளூம்ஸ்டே, நாவல் நடக்கிற நாள். 1954இல் ஃபிளான் ஓப்ரையன், கவனா முதலிய சில எழுத்தாளர்கள் குதிரை வண்டி பிடித்துத் தொடங்கிவைத்தது. வழியிலேயே குடித்துக் கவிழ்ந்து பாதியில் முடிந்தது முதல் வருடம். இப்போது வைக்கோல் தொப்பியும் பழைய காலத்துக் கோட்டுமாக ஊரே திரிகிறது. கோபுரத்தில் அன்று நிற்க இடம் இருக்காது. முந்தின நாளோ அடுத்த நாளோ போங்கள்.

மோலியில் அவசரப்பட வேண்டாம். கயல் சொன்ன சுதை வேலைக்கு எங்கெங்கே அனுமதி உண்டு என்று நுழைவிலேயே கேட்டுவிடுங்கள். தோட்டத்துக் காபிக் கடையில் பிள்ளைகளை உட்காரவைக்கலாம். நான் அடுத்தமுறை கூரையைப் பார்க்கவே போகிறேன்.

குளிக்கிற இடம் ஃபார்ட்டி ஃபுட். பாறையிலிருந்து நேராக ஆழம், ஜூனிலும் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே சாண்டிகோவ் சின்னக் கடற்கரை இருக்கிறது, மணலும் ஆழமில்லாத தண்ணீரும். துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுத்துணியும்.